பனிக்கு முன் படகைக் கரையேற்றுதல்: இருவர் செய்யும் வேலைக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோ துறைமுகத்திலோ போர்ட் கிறெடிட்டிலோ பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒக்ரோபர் ஓய்வில்லாத மாதம். கிறேன் வரும் நாள் குறிக்கப்பட்டுவிடும். அதற்குள் பாய் இறங்க வேண்டும், பாய்மரம் கழல வேண்டும். உறைபனி இறுகுவதற்குள் எஞ்சினிலும் குழாய்களிலும் தண்ணீர் இல்லாமல் செய்ய வேண்டும். தண்ணீர் உறையும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு எஞ்சின் உடலைப் பிளக்க அது தாராளமாகப் போதும்.

பெரும்பாலான சிறு படகுகளில் இந்த வேலையைக் கணவனும் மனைவியும்தான் செய்கிறார்கள். செய்முறை இருவருக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் வசந்தத்தில் ஏதாவது உடைந்து கிடக்கும். ஒழுங்கு மாறியிருக்கும், அல்லது ஒருவர் சொன்னது மற்றவருக்கு வேறு பொருளில் கேட்டிருக்கும், அல்லது “நீங்கள் செய்தீர்கள் என்று நினைத்தேன்” என்று இருவருமே சொல்வார்கள். அதனால் இந்தக் குறிப்பில் எந்த வேலையை எப்போது செய்வது என்பதோடு, யார் எங்கே நிற்பது என்பதையும் சேர்த்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் 27 அடிப் படகுக்கு, சிறிய டீசல் எஞ்சினுக்கு. சி அன்ட் சி 27, சி.எஸ். 27 போல ஒன்ராறியோவிலேயே கட்டப்பட்டு ஒன்ராறியோ ஏரியில் இன்னும் ஓடும் படகுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்கள்

போதும், சரி, விடு. கரையேற்றும் நாளில் இந்த மூன்று சொற்களும் ஆபத்தானவை. கீழே வாளியில் ஊற்றுபவர் வாளி நிரம்பிவிட்டது என்று “போதும்” என்பார், மேலே நிற்பவர் எஞ்சினை நிறுத்திவிடுவார். “சரி” என்றால் தொடங்கு என்றும் ஆகும், முடிந்தது என்றும் ஆகும். இவற்றில் “விடு”தான் மிக மோசம். “அந்த முடிச்சை விடு, பிறகு பார்க்கலாம்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கையில் இருந்த கயிற்றை விட்டுவிட, பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் தண்டான பூம், நேரே படகோட்டி இருக்கும் கொக்பிற்றில் வந்து விழும்.

எஞ்சினுக்கு “ஓடட்டும்”, “நிறுத்து” என்ற இரண்டு சொற்கள் மட்டும். கயிற்றுக்கு “இழு”, “பிடி”, “தளர்த்து”. கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். எஞ்சின் சத்தத்தில் கேட்காது என்பதால், விரித்த உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் ஓடட்டும். வேலைப் பட்டியல் ஒரே ஒரு அட்டையில் இருக்கட்டும். செய்தவர் ஒரு கோடு போட, மற்றவர் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டாவது கோட்டைப் போட வேண்டும். ஒற்றைக் கோட்டோடு நிற்கும் வேலை முடிந்த வேலை அல்ல.

தண்ணீரில் நிற்கும்போதே

கரையேறிய பிறகு செய்ய முடியாதவை சில உண்டு. கழிவுத் தாங்கியை உறிஞ்சி எடுக்கும் நிலையம் பருவ முடிவில் மூடிவிடும், ஆகவே அதை முதலில் முடியுங்கள். தாங்கியில் நல்ல தண்ணீர் விட்டு இன்னொரு முறை உறிஞ்சச் செய்தால் வசந்தத்தில் மணம் இருக்காது.

டீசல் தாங்கியை ஏறத்தாழ 95 சதவீதம் நிரப்புங்கள். மேலே வெற்றிடம் குறைந்தால் சுவரில் ஈரம் படிவதும் குறையும். முற்றாக நிரப்பினால், வெயில் நாளில் டீசல் விரிந்து காற்றுக்குழாய் வழியே வெளியே வரும். டீசலில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்தை அளவுப்படி விட்டு, எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். மருந்து கலந்த டீசல் வடிகள் (ஃபில்டர்கள்) வரை போய்ச் சேரும், எஞ்சின் ஒயிலும் சூடாகும். அந்தச் சூட்டோடு ஒயிலையும் அதன் வடியையும் மாற்றிவிடுங்கள். கோடை முழுதும் ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். குளிர்காலம் முழுவதும் பேரிங்குகள் அதில் ஊறிக் கிடக்கக்கூடாது.

பாய்

காற்று எழும்பாத, ஈரம் இல்லாத காலையாகப் பார்த்து இறக்குங்கள். முன்பாய் சுருட்டியில் இருந்தால் அதை இறக்க முழுதாக விரிக்க வேண்டியிருக்கும். பத்து நொட் காற்று இருந்தால்கூட இருவரால் அடக்க முடியாது. பனி ஈரம் உலரும்வரை காத்திருங்கள், ஈரத்தோடு பையில் போட்ட பாயில் பூஞ்சணம் பிடித்தால் கறை போகாது.

மடிப்பது இருவர் வேலை. கீழ் விளிம்பை நேராக நீட்டி ஆளுக்கொரு முனையில் முழங்காலில் இருங்கள். ஒருவர் “இழு” சொல்ல இருவரும் ஒரே நேரத்தில் ஒரு முழ அகலம் மடித்து வர வேண்டும். ஒருவர் முந்தினால் பாய் விசிறி போலச் சரிந்துவிடும், மறுபடி முதலில் இருந்து. பாய்க்குள் இருக்கும் பட்டைகளை முன்பே உருவி, எந்தப் பட்டை எந்த உறைக்கு உரியது என்று எண் எழுதுங்கள். தையல் விட்ட இடத்தில் நிற ரேப் ஒட்டிப் பாய் தைப்பவரிடம் இப்போதே கொடுங்கள், ஏப்ரலில் கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டும்.

பாய் ஏற்றும் கயிறுகளைக் கழுவ எடுப்பதானால், பாய்மரத்துக்குள் அவற்றின் இடத்தில் மெல்லிய தூதுக் கயிறு ஒன்றை விட வேண்டும். ரேப் மட்டும் சுற்றினால் மேலே உருளையில் தட்டிக் கழன்றுவிடும். ஊசி நூலால் நாலு தையல் போட்டு, அதன் மேல் ரேப் சுற்றுங்கள். தூதுக் கயிறு பாய்மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். இழுக்கத் தொடங்கும் முன்பே அதன் கடைசி முனையை ஓர் இடத்தில் கட்டிவிடுங்கள். ஒருவர் உற்சாகமாக இழுக்க, மற்றவர் கண் முன்னாலேயே வால் உள்ளே மறைவது ஒவ்வொரு துறையிலும் வருடம் தவறாமல் நடக்கும். பாய்மரம் கீழே படுத்த பிறகு அதைச் சரிசெய்வது அரைநாள் வேலை.

பாய்மரம்

தாங்கு கம்பிகளின் இறுக்கிகளைத் தொடும் முன் ஒவ்வொன்றிலும் வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து, படம் எடுத்து, ரேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். வசந்தத்தில் பாய்மரத்தை மறுபடி நிமிர்த்திச் சமன் செய்ய இது ஒன்றே போதும். கொட்டர் பின்களும் ஆணிகளும் ஒருவர் பையிலேயே சேரட்டும். “என் பொக்கற்றில் பாதி, உங்கள் பொக்கற்றில் பாதி” என்று போனால், மே மாதத்தில் சட்டைகள் எங்கே என்று தேட வேண்டும்.

கிறேன் வரும் முன்:

– பூம், அதைத் தாங்கும் கருவிகள் எல்லாம் கழற்றிக் கீழே.
– பாய்மரத்தின் அடியில் உள்ள வயர்கள் எல்லாம் பிரித்து: விளக்குகள், வி.எச்.எஃப். ரேடியோ, காற்றுமானி.
– பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீழே கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த பகுதி) வரை இறங்கும் படகானால், சுற்றியுள்ள ஆப்புகளும் ரப்பர் உறையும் வெளியே.
– தொங்கும் கயிறுகள் எல்லாம் பாய்மரத்தோடு சேர்த்து இறுகக் கட்டி.

இவற்றில் வயர்தான் அதிகம் மறக்கப்படுவது. வெளியே இருப்பவர் வயர் உள்ளே பிரிக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பார், உள்ளே இருப்பவர் அது வெளியே பிரியும் என்று நினைப்பார். கிறேன் தூக்க, ரேடியோ வயர் கூரைப் பலகையையும் பிய்த்துக்கொண்டு மேலே போகும். ஆகவே கிறேன் கொக்கி இறுகும் முன் ஒருவர் கபினுக்குள் போய்ப் பாய்மரத்தின் அடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கை காட்ட வேண்டும். தூக்கும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது. பாய்மரத்தின் சமநிலைப் புள்ளிக்கு மேலே, குறுக்குக் கைகளுக்குக் கீழே கிறேன் பட்டி பிடிக்க வேண்டும். இறங்கியதும் முதல் வேலையாக உச்சியில் உள்ள காற்றுக்காட்டியைக் கழற்றுங்கள். பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அடுத்த படகில் மோதி உடைவது அதுதான். மூன்று இடத்தில் தாங்கு வைத்துப் பாய்மரத்தை நேராகக் கிடத்துங்கள்.

தூக்கும் நாள்

இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள படகு இரண்டு பட்டிகளில் தொங்கப் போகிறது. பட்டிகள் எங்கே வர வேண்டும் என்று தண்ணீரில் இருக்கும்போதே மேல் விளிம்பில் ரேப் ஒட்டி வையுங்கள். பட்டி உந்துதண்டிலோ (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) சுக்கானிலோ பிடித்தால் வளைந்துவிடும். வேகமானியின் சிறு சக்கரம் அடியில் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டி அதை நசுக்கும், அதை உருவி அதன் இடத்தில் மூடியைச் செருகுங்கள். உருவும்போது தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்குப் பீறிடும். மூடி கையில் இருக்கட்டும், “மூடியைக் கொண்டா” என்று மற்றவரை அனுப்பும் நேரம் அது அல்ல.

மேலே வந்ததும் ஈரம் காயும் முன் அடியைக் கழுவுங்கள். காய்ந்த பாசி சீமெந்து மாதிரி. 1988ஆம் ஆண்டு செயின்ற் கிளெயர் ஏரியில் முதலில் கண்டறியப்பட்ட ஸீப்ரா மட்டிகள் இப்போது ஒன்ராறியோ ஏரியிலும் உண்டு. தண்ணீர் உறிஞ்சும் துளைகளுக்குள் அவை இருந்தால் குச்சியால் சுரண்டி எடுங்கள். உந்துதண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு உலோகத்தையும் பாருங்கள். நன்னீரில் துத்தநாகம் மேலே படலம் கட்டிச் செயலிழந்துவிடும். இந்த ஏரிக்கு மக்னீசியம்தான் பொருத்தம்.

படகு நிற்கும் விதம்

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் உயிருக்கு ஆபத்தானது இது ஒன்றுதான், அவசரப்பட வேண்டாம். படகின் எடை முழுவதும் கீல் வழியே அடியில் உள்ள மரக்கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கத்துத் தாங்கிகள் (முட்டுக் கால்கள்) படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. தாங்கியின் தட்டை இறுக்கும்போது படகின் உடல் உள்ளே குழிந்தால் எடை தவறான இடத்தில் இறங்குகிறது என்று பொருள். கையால் தட்டிப் பாருங்கள்: கபினின் குறுக்குச் சுவர் இருக்கும் இடத்தில் சத்தம் இறுக்கமாக இருக்கும், தட்டு அங்கேதான் வர வேண்டும். 27 அடிக்குப் பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், அணியத்தின் (படகின் முன்பகுதியின்) கீழ் இன்னொன்று. எதிரெதிர்த் தாங்கிகளைச் சங்கிலியால் பிணையுங்கள், இல்லாவிட்டால் உதறலில் கால்கள் வெளியே நகரும். மண் தரையானால் ஒவ்வொரு காலின் அடியிலும் தடித்த பிளைவூட் துண்டு வையுங்கள். இன்று கல் மாதிரி இருக்கும் மண் மார்ச்சில் சேறாகிவிடும்.

தறப்பாளை ஒருபோதும் தாங்கிகளில் கட்டாதீர்கள். குளிர்காலக் காற்றில் தறப்பாள் மணிக்கணக்காக அடித்துக்கொள்ளும். அந்த உதறல் தாங்கியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி வெளியே இழுத்துவிடும். ஒரு படகு சாய்ந்தால் பக்கத்துப் படகையும் சேர்த்துத் தள்ளும். கயிற்றைப் படகின் அடியால் எடுத்து மறுபக்கத் தறப்பாளிலேயே கட்டுங்கள். வண்ணம் பூச, துடைக்க என்று தாங்கியை நீங்களே நகர்த்தவும் வேண்டாம், அதைச் செய்யப் படகு முற்றத்து ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏணியைப் பற்றியும் ஒரு சொல். தளம் இப்போது தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே. ஒருவர் மேலே இருக்க, மற்றவர் அணியத்தைத் துடைக்க ஏணியை எடுத்துப் போய், அப்படியே காரில் சாமான் ஏற்றப் போய்விடுவது உண்டு. “இஞ்சாருங்கோ, ஏணி எங்கே?” என்ற குரல் முற்றம் முழுக்கக் கேட்கும். ஏணியின் தலையைப் படகில் கட்டிவிடுங்கள், கட்டை அவிழ்க்கும் உரிமை மேலே இருப்பவருக்கு மட்டும். வழுக்காமல் இருக்கவும் அந்தக் கட்டு வேண்டும்.

எஞ்சின்

இளஞ்சிவப்பு நிற, நஞ்சு குறைந்த புரொப்பிலீன் கிளைகோல் அன்ரிபிறீஸ் (உறைதடுப்புத் திரவம்) வாங்குங்கள். கார்களுக்கான பச்சை எதிலீன் கிளைகோல் நஞ்சு, அது ஏரிக்குப் போகக்கூடாது, குடிநீர்க் குழாய்க்கும் ஆகாது. கலனில் -50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காத எல்லை. கூழாகத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. மிஞ்சிய தண்ணீரோடு கலந்தால் அந்த எல்லையும் தளர்ந்துவிடும். அதனால்தான் முதலில் வடிப்பது, பிறகு ஊற்றுவது. முழுப் படகுக்கும் நாலு லீற்றர்க் கலன் ஆறு அல்லது ஏழு வேண்டும், எஞ்சினுக்கு மட்டும் 8 முதல் 10 லீற்றர்.

ஏரித் தண்ணீர் நேரே எஞ்சின் உடலுக்குள் ஓடிக் குளிரூட்டும் வகை என்றால், வெப்பத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்ராற்றைக் கவனியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். நீங்கள் ஊற்றும் அன்ரிபிறீஸ் எஞ்சின் உடலைச் சுற்றிக்கொண்டு புகைக்குழாய் வழியே போய்விடும். வெளியே இளஞ்சிவப்பு வருவதைக் கண்டு இருவரும் மகிழ்ந்து போவீர்கள், உள்ளே பழைய தண்ணீர் அப்படியே இருக்கும். எஞ்சின் உடலில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். துருவால் அடைபட்டு ஒன்றும் வராமல் இருந்தால் கம்பியால் குத்துங்கள், ஒன்றும் வரவில்லை என்பது உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. பிறகு தெர்மோஸ்ராற்றைக் கழற்றிவிட்டு அன்ரிபிறீஸை ஓட்டுவதே நிச்சயமான வழி. வெப்பமாற்றி (மூடிய சுற்றில் ஓடும் திரவத்தை ஏரித் தண்ணீரால் குளிர்விக்கும் கருவி) உள்ள எஞ்சினில், ஏரித் தண்ணீர் ஓடும் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் மூடிய பக்கத்துத் திரவம் எத்தனை பாகை வரை தாங்கும் என்று மானியால் அளந்தால் போதும்.

ஓட்டும் முறை: உறிஞ்சும் குழாயை வால்விலிருந்து கழற்றி வாளியில் விடுங்கள். ஒருவர் கீழே வாளியோடு, மற்றவர் மேலே நிறுத்தும் கைப்பிடியோடு. புகைக்குழாயின் வாயில் இன்னொரு வாளியைக் கட்டினால், மேலே இருப்பவர் பின்புறம் எட்டிப் பார்த்தே நிறத்தைச் சொல்லலாம், ஓடும் திரவமும் நிலத்தில் கொட்டாது. கலன்களின் மூடிகளை எல்லாம் முன்பே திறந்து வையுங்கள். எட்டு லீற்றர் கண் மூடித் திறக்கும் முன் போய்விடும். வாளி வறண்ட பின்னும் எஞ்சின் ஓடினால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இதழ்ச் சக்கரம்) கருகிவிடும். கடைசிக் கலன் பாதியாகும்போதே “நிறுத்து”.

எஞ்சின் பற்றாமல் திரும்பத் திரும்பச் ஸ்டாட்டரை அழுத்திக்கொண்டிருந்தால், பம்ப் தள்ளும் திரவம் புகைக்குழாய்ப் பெட்டியில் நிரம்பிப் பின்னோக்கிச் சிலிண்டருக்குள் ஏறும். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு நிறுத்தி, அந்தப் பெட்டியை வடித்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

முடிந்ததும் இம்பெல்லரைக் கழற்றுங்கள். மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடிந்திருந்தால் அதன் இதழ்கள் வளைந்தே நின்றுவிடும். கழற்றிய இம்பெல்லரைச் சிறு பையில் போட்டு, எஞ்சின் திறப்போடு சேர்த்துக் கட்டி, “இம்பெல்லர் உள்ளே இல்லை” என்று அட்டையில் எழுதுங்கள். ஒருவர் கழற்றியது மற்றவருக்கு மே மாதம் நினைவிருக்காது.

படகின் அடியில் உள்ள உருண்டை வால்வுகளையும் வடிக்க வேண்டும். மூடிய வால்வின் துளைக்குள் ஒரு சிறங்கைத் தண்ணீர் சிறைப்பட்டு உறைந்தால், வால்வின் உடல் மயிரிழையாக வெடிக்கும். படகு தரையில் நிற்கும்போது அவற்றைத் திறந்து வடித்து, சிறிது அன்ரிபிறீஸ் ஊற்றித் திறந்தே விடுங்கள். இறக்கும் நாளில் மூட வேண்டும் என்று அட்டையில் முதல் வரியாக எழுதுங்கள்.

தண்ணீர்க் குழாய்கள், கழிப்பறை

குடிநீர்த் தாங்கியை வற்றவிட்டு, சுடுநீர்க் கலனை வடித்து, அதன் உள்வாயையும் வெளிவாயையும் ஒரு சிறு குழாயால் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது லீற்றர் அன்ரிபிறீஸ் அந்தக் கலனை நிரப்பவே போகும். பிறகு தொலைவில் உள்ள குழாயிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து, இளஞ்சிவப்பு வரும்வரை ஓட்டுங்கள். சுடுநீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும் தனித்தனி. காலால் மிதிக்கும் பம்பையும் குளிக்கும் இடத்துப் பம்பையும் எல்லோரும் மறப்பார்கள். கழிப்பறையின் உறிஞ்சு குழாயைக் கலனில் விட்டு நாலு லீற்றர் பம்ப் செய்யுங்கள். கிண்ணத்தில் மேலிருந்து ஊற்றினால் மட்டும் உறிஞ்சும் பக்கம் நனையாது.

பில்ஜை (படகின் உள்ளடியில் தண்ணீர் சேரும் பள்ளம்) கடற்பஞ்சால் ஒற்றி உலர்த்தி, இரண்டு லீற்றர் அன்ரிபிறீஸ் விட்டு வையுங்கள்.

பற்றறி, உள்ளறை

முழுதாக மின்னேற்றிய ஈய அமிலப் பற்றறி இங்குள்ள எந்தக் குளிரிலும் உறையாது. வெறுமையான பற்றறி -7 பாகை அளவிலேயே உறைந்து வெடிக்கும். 12.7 வோல்ற் வரை ஏற்றி, கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். லிதியம் பற்றறியைப் பாதி மின்னேற்றத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பூச்சியத்துக்குக் கீழே அதை மின்னேற்றக்கூடாது.

சமையல் காஸ் சிலிண்டரை இறக்கி வெட்டவெளியில் வையுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். சோடா, பியர், தகரத்தில் அடைத்த உணவு ஒன்றும் மிஞ்சக்கூடாது. உறைந்து வெடித்த தகரத்தை எலி தேடி வரும், வந்த எலி மெத்தையில் கூடு கட்டும். மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள். அலமாரி, ஐஸ்பெட்டி எல்லாம் திறந்தபடி இருக்கட்டும்.

தறப்பாள்

நடுவில் முதுகெலும்பாக ஒரு மரச்சட்டம் இல்லாமல் தறப்பாள் போடாதீர்கள். தட்டையாகப் போட்டால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, உறைந்து, பனியும் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோ எடையாகும். கைப்பிடிக் கம்பிகளின் தலையில் பழைய சப்பாத்துக் காலுறைகளைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே தறப்பாள் கிழியும். முன்னும் பின்னும் காற்றுப் போக வழி விடுங்கள், இறுக மூடிய படகுக்குள் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். கடைசிக் கயிற்றைக் கட்டும் முன், கார்த் திறப்பு, கைத்தொலைபேசி, ஆள் எல்லாம் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும், பலத்த காற்றோ கனத்த பனியோ வந்த மறுநாளும் போய்ப் பாருங்கள். தறப்பாளின் கயிறுகளை இறுக்குங்கள், பனியை மென்மையான துடைப்பத்தால் தள்ளுங்கள், ஒவ்வொரு தாங்கியின் தட்டும் படகோடு ஒட்டியிருக்கிறதா என்று விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் படகில் ஏறாமல் முற்றத்து அலுவலகத்துக்கு நடங்கள்.